தெசலோனிகியில் முதல் சில மாதங்கள்: ஊரும் உபசரிப்பும்

கிரேக்க நாடு என்றதும் நம்மில் பெரும்பாலோருக்கு ஏதென்ஸும், வெள்ளைச் சுவர் வீடுகள் நிறைந்த தீவுகளும்தான் நினைவுக்கு வரும். ஆனால் படிக்கவும் வேலை பார்க்கவும் வருகிறவர்களில் ஒரு பகுதியினர் வந்து சேருவது வடக்கே, கடலோரம் இருக்கும் தெசலோனிகிக்கு. 1925-இல் நிறுவப்பட்ட அரிஸ்டாட்டில் பல்கலைக்கழகம் இங்கே இருக்கிறது. ஆங்கிலத்தில் முதுகலைப் படிப்பு நடத்தும் பன்னாட்டு ஹெலனிக் பல்கலைக்கழகமும் இங்கே உண்டு. 2021-இல் ஃபைசர் தன் டிஜிட்டல் மையத்தைத் திறந்தபிறகு ஐ.டி. ஆட்களும் இந்த ஊரைத் தேடி வரத் தொடங்கினார்கள். தமிழ்க் கிறிஸ்தவர்களுக்கு இந்தப் பெயர் சின்ன வயதிலிருந்தே பழக்கம்தான். பவுல் தெசலோனிக்கேயருக்கு எழுதிய இரண்டு நிருபங்களும் இந்த ஊர்ச் சபைக்கு எழுதியவை.

லண்டனிலும் டொராண்டோவிலும் இருப்பதுபோல இங்கே தமிழ்க் கடைத்தெரு கிடையாது. நம் ஆட்கள் மிகக் குறைவு. அதனால் வந்த நாள் முதலே கிரேக்கர்களோடு பழக வேண்டியிருக்கும். அதற்காகக் கவலைப்படாதீர்கள். இந்த ஊர்க்காரர்கள் புதிதாக வந்தவரைத் தனியாக விடமாட்டார்கள். நீங்கள் கற்றுக்கொள்ள வேண்டியது, அவர்கள் கொடுப்பதைக் கூச்சமில்லாமல் வாங்கிக்கொள்வதும், உங்கள் முறை வரும்போது திருப்பிச் செய்வதும்.

முதலில் காகித வேலையை முடித்துவிடுவோம். 'அஃபிமி' என்று சொல்கிற வரி எண்தான் முதல் படி. அது இல்லாமல் வீட்டு வாடகை ஒப்பந்தம், வங்கிக் கணக்கு எதுவும் நகராது. அடுத்தது 'ஆம்கா' என்கிற சமூகப் பாதுகாப்பு எண். மருத்துவத்துக்கும் வேலைக்கும் அது வேண்டும். சான்றொப்பம், விண்ணப்பம் போன்றவற்றுக்கு 'கெப்' என்ற குடிமக்கள் சேவை மையங்கள் பேட்டைக்குப் பேட்டை இருக்கின்றன. எல்லா ஆவணங்களிலும் இரண்டு மூன்று நகல் கையோடு வைத்திருங்கள், காலையிலேயே போங்கள். வாடகை ஒப்பந்தத்தை வீட்டுக்காரர் வரித்துறை இணையதளத்தில் பதிவு செய்தாரா என்று கட்டாயம் கேளுங்கள். வீடு பார்க்கும்போது, குளிர்காலச் சூடேற்றி உங்கள் வீட்டுக்குத் தனியாகவா, கட்டடம் முழுவதற்கும் பொதுவா என்பதையும் கேட்க வேண்டும். பொது என்றால் மாதாமாதம் வரும் பொதுச் செலவுக் கணக்கு குளிர்காலத்தில் எகிறும். அவசரத்துக்கு எண் 112.

சரி, இனி ஊருக்குள் போகலாம்.

தெசலோனிகியை நடந்துதான் அறிய வேண்டும். 2024 நவம்பர் 30 அன்று திறந்த ஓட்டுநர் இல்லாத மெட்ரோ வசதியானதுதான். 2006-இல் வேலை தொடங்கி இத்தனை வருடம் இழுத்ததற்கு ஒரு முக்கியக் காரணம், தோண்டிய இடமெல்லாம் பழைய ஊர் வெளிப்பட்டது. வெனிசெலூ நிலையத்தில் இறங்கினால், ரோமானிய, பைசாந்தியக் காலத் தெரு ஒன்றை நிலையத்துக்குள்ளேயே பார்க்கலாம். அதற்காகவே ஒருமுறை அங்கே இறங்குங்கள். ஆனால் முதல் ஞாயிற்றுக்கிழமையைக் காலாற நடக்க ஒதுக்குங்கள்.

அரிஸ்தோதெலூஸ் சதுக்கத்திலிருந்து தொடங்கலாம். 1917-இல் பெருந்தீ ஊரின் நடுப்பகுதியைத் தின்றுவிட்டது. பிறகு பிரெஞ்சுக் கட்டடக் கலைஞர் எர்னஸ்ட் எப்ரார் வரைந்த திட்டத்தின்படி எழுந்ததுதான் இந்தச் சதுக்கமும் சுற்றியுள்ள நேர்த் தெருக்களும். கடலைப் பார்த்து நின்று இடதுபக்கம் கரையோடு நடந்தால் வெள்ளைக் கோபுரம். ஆட்டோமான் காலத்தில் சிறையாக இருந்த இடம், இப்போது நகர அருங்காட்சியகம். அதையும் தாண்டிக் கரை நீண்டுகொண்டே போகிறது. மாலையில் ஊரே அங்கே நடக்கும். வானம் தெளிவாக இருந்தால் வளைகுடாவுக்கு அக்கரையில் ஒலிம்பஸ் மலை தெரியும். குளிர்காலத்தில் 'வர்தாரிஸ்' என்ற வடகாற்று அடித்துப் போன மறுநாள் பாருங்கள், பனி மூடிய சிகரம் துலக்கமாக நிற்கும்.

மேலே ஏற 'ஆனோ போலி' என்ற பழைய ஊர் இருக்கிறது. தீ எட்டாத பகுதி என்பதால் சந்துகளும் மரத்தாலான முன்மாடங்களும் தப்பித்தன. ஏற முடியாதவர்களுக்கு 23-ஆம் எண் பேருந்து. இறங்கும் வழியில் புனித திமெத்ரியோஸ் தேவாலயம், ரொட்டுந்தா என்ற வட்ட வடிவக் கட்டடம், 'காமாரா' என்று எல்லோரும் அழைக்கும் கலேரியஸ் வளைவு. "காமாராவில் ஆறு மணிக்கு" என்று யாராவது சொன்னால் அந்த வளைவின் அடிதான். இந்த ஊர் மாணவர்கள் சந்திக்கும் இடம் அது. இந்த ஊரின் 15 தொல்கிறிஸ்தவ, பைசாந்தியச் சின்னங்கள் 1988 முதல் யுனெஸ்கோ பட்டியலில் இருக்கின்றன. நவம்பர் முதல் மார்ச் வரை மாதத்தின் முதல் ஞாயிறு அரசு அருங்காட்சியகங்களுக்குக் கட்டணம் இல்லை.

அரிஸ்டாட்டில் பல்கலைக்கழகத்தில் படிக்கப் போகிறவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். வளாகம் நிற்பது பழைய யூத இடுகாட்டின் மேல். போருக்கு முன் ஏறத்தாழ 50,000 யூதர்கள் வாழ்ந்த ஊர் இது. 1943-இல் நாஜிகள் அவர்களை ரயிலில் ஏற்றி ஆஷ்விட்ஸுக்கு அனுப்பினார்கள்; மிகச் சிலரே உயிர் தப்பினார்கள். வளாகத்தில் நினைவுச் சின்னம் இருக்கிறது. அங்கே ஒரு நிமிடம் நிற்காமல் வகுப்புக்குப் போக எனக்கு மனம் வருவதில்லை.

இந்த ஊரின் உபசரிப்புக்கும் வரலாறு உண்டு என்று நான் நம்புகிறேன். 1922-க்குப் பிறகு, இன்றைய துருக்கியில் உள்ள சின்ன ஆசியாவிலிருந்து வெளியேற்றப்பட்ட கிரேக்கர்கள் ஒரு லட்சத்துக்கும் மேல் இங்கே வந்து குடியேறினார்கள். காலமரியா, தூம்பா போன்ற பேட்டைகள் அவர்களால் வளர்ந்தவை. 1926-இல் தொடங்கிய பாவோக் கால்பந்து அணியும் இஸ்தான்புல்லிலிருந்து வந்தவர்களுடையது. உங்கள் பக்கத்து வீட்டுப் பாட்டியிடம் "உங்கள் பெற்றோர் எந்த ஊர்?" என்று கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும் கடலுக்கு அந்தப்பக்கம் உள்ள ஓர் ஊரின் பெயர் வரும். வேறு ஊரிலிருந்து மூட்டையோடு வந்து இறங்குவது என்றால் என்ன என்று அந்தக் குடும்பங்களுக்குத் தெரியும். ஈழத்திலிருந்து புறப்பட்டு வந்த நம்மவர்களுக்கு அந்தப் பேச்சு சட்டென்று ஒட்டிக்கொள்ளும்.

அவர்களும் உங்களைக் கேட்பார்கள்: எந்த ஊர், அம்மா அப்பா எப்படி இருக்கிறார்கள், கல்யாணம் ஆயிற்றா, வாடகை எவ்வளவு. சில நாடுகளில் இது நாகரிகக் குறைவு; இங்கே அக்கறை. நமக்கு இது ஒன்றும் புதிதில்லையே. கொஞ்சம் வயதானவர்கள் 'இந்தியா' என்று கேட்டதும் "நர்கிஸ்!" என்று இந்தி நடிகையின் பெயரைச் சொல்லி முகம் மலரலாம். 1950-களிலும் 60-களிலும் இந்திப் படங்கள் கிரேக்கத்தில் ஓகோவென்று ஓடின; அந்த மெட்டுகளில் கிரேக்கப் பாடல்கள்கூட வந்தன.

பழக்கம் தொடங்குவது காப்பிக் கடையில். ஃப்ராப்பே என்ற நுரைக் காப்பி பிறந்ததே இந்த ஊரில்தான். 1957-இல் நடந்த பன்னாட்டு வணிகக் கண்காட்சியில், வெந்நீர் கிடைக்காமல் திமித்ரிஸ் வகோந்தியோஸ் என்பவர் காப்பித் தூளைக் குளிர்ந்த நீரோடு குலுக்கிக் குடித்துப் பார்த்தார். இப்போது இளைஞர்கள் குடிப்பது பெரும்பாலும் ஃப்ரெத்தோ எஸ்ப்ரெஸ்ஸோ என்ற குளிர்ந்த காப்பி. கேட்காமலே தண்ணீர் வைப்பார்கள். ஒரே காப்பியோடு இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருக்கலாம், யாரும் எழுப்ப மாட்டார்கள். அவசரமாகக் குடித்துவிட்டு ஓடினால்தான் வருத்தப்படுவார்கள்.

அடுத்தது 'கேராஸ்மா'. சாப்பாட்டுக் கடையில் சாப்பிட்டு முடித்ததும், கேட்காத ஓர் இனிப்போ பழத்தட்டோ மேசைக்கு வரும். அது கடைக்காரரின் உபயம், கணக்கில் ஏறாது. "நாங்கள் சொல்லவில்லையே" என்று திருப்பி அனுப்பாதீர்கள். ஒரு துண்டாவது சாப்பிட்டு, "எஃப்காரிஸ்தோ" என்று நன்றி சொல்லுங்கள். நண்பர்களோடு போனால் பில்லுக்குப் பெரிய இழுபறியே நடக்கும். அழைத்தவர் கொடுப்பார். ஒருமுறை விட்டுக்கொடுங்கள், அடுத்தமுறை நீங்கள் முந்துங்கள். அந்த இடத்திலேயே உங்கள் பங்கைக் கணக்குப் போட்டுச் சில்லறையை நீட்டுவது அவர்களை நோகடிக்கும். மேசையில் வைக்கும் ரொட்டிக்கு மட்டும் சிறு கட்டணம் இருக்கும், அது ஏமாற்று அல்ல. த்சிபுரோ என்ற சாராயத்தோடு சின்னச் சின்னத் தட்டுகள் வரும். குடிக்காதவர்கள் "வேண்டாம்" என்று இயல்பாகச் சொல்லலாம், எலுமிச்சைப் பானத்தோடு அதே மேசையில் இருக்கலாம்.

நேரக் கணக்கு வேறு. மதியச் சாப்பாடு இரண்டு, மூன்று மணிக்கு. இரவுச் சாப்பாடு ஒன்பதுக்குமேல். பேட்டைக் கடைகள் பல திங்கள், புதன், சனிக்கிழமைகளில் மதியத்தோடு மூடும். செவ்வாய், வியாழன், வெள்ளியில் மாலை மறுபடி திறக்கும். ஞாயிறு விடுமுறை. பிற்பகல் மூன்றிலிருந்து ஐந்தரை வரை ஓய்வு நேரம், சத்தம் கூடாது. அந்த நேரத்தில் மிக்சியில் சட்னி அரைத்தால் கீழ்வீட்டுக்காரர் கதவைத் தட்டுவார், அவர் பக்கம் நியாயம் இருக்கிறது.

சைவம் சாப்பிடுகிறவர்களுக்கு ஒரு நல்ல செய்தி. ஆர்த்தடாக்ஸ் கிறிஸ்தவர்களின் நோன்புச் சமையல் மிகப் பெரியது. 'நிஸ்தீசிமோ' என்று கேட்டால் இறைச்சி, பால், முட்டை இல்லாத பண்டம் கிடைக்கும். ஆனால் அதில் கணவாயும் இறாலும் சேர்த்தி, எனவே அவை வேண்டாம் என்று தனியாகச் சொல்லிவிடுங்கள். வெள்ளை மொச்சை சூப்பான ஃபசோலாதா, அடுப்பில் வேகவைத்த பெரிய மொச்சை யிகாந்தெஸ், கீரை வேகவைத்து எலுமிச்சை பிழிந்த ஹோர்தா எல்லாம் மலிவு. ஃபாவா என்ற மஞ்சள் பருப்பு மசியலை ஒரு கவளம் வாயில் வைத்தால் நம் வீட்டுப் பருப்பேதான். காலையில் குலூரி என்ற எள் வளையம், அல்லது இனிப்புக் கூழ் வைத்த பூகாத்ஸா.

சமைக்கிறவர்கள் கபானி சந்தைக்குப் போங்கள். மத்தியும் நெத்தலியும் புதிதாகக் கிடைக்கும். மீன் குழம்புக்கு வேறென்ன வேண்டும்! எதிரில் 2022-இல் புதுப்பித்துத் திறந்த மொதியானோ சந்தை அழகானது, ஆனால் சாப்பிட்டு உட்காரத்தான் அது; காய்கறிக்குக் கபானி. அதைவிட மலிவு, வாரம் ஒருநாள் ஒவ்வொரு பேட்டையிலும் கூடும் தெருச் சந்தையான 'லைக்கி'. கோடையில் பிஞ்சு வெண்டைக்காய், கத்தரிக்காய் குவிந்திருக்கும். மதியம் கலைகிற நேரத்தில் விலை இறங்கும். அரிசிக்குக் கவலையே இல்லை: ஊருக்கு மேற்கே அக்ஸியோஸ் ஆற்றுச் சமவெளி முழுக்க நெல் வயல்கள். ஜூலையில் பேருந்தில் அந்தப் பக்கம் போகும்போது தஞ்சாவூர்ப் பக்கம் போவதுபோல் இருக்கும். கறிவேப்பிலை, புளி, சாம்பார்ப் பொடி மட்டும் ஊரிலிருந்து கொண்டுவாருங்கள். தயிர் வாங்கும்போது வடிகட்டிய கெட்டித் தயிரை எடுத்தால் தயிர்சாதம் களியாகிவிடும், சாதாரணப் பசும்பால் தயிர் கேளுங்கள்.

சைகைகளில் கவனம் வேண்டும். உள்ளங்கையை விரித்து ஒருவர் முகத்துக்கு நேரே நீட்டுவது இங்கே கடும் வசவு. "ஐந்து கிலோ" என்று காட்டவோ, "இருங்க" என்று சொல்லவோ அப்படிச் செய்துவிடாதீர்கள், புறங்கையைக் காட்டுங்கள். புருவத்தை உயர்த்தித் தலையை மேலே தூக்கினால் 'இல்லை' என்று பொருள். நாம் தலையைப் பக்கவாட்டில் ஆட்டுவது அவர்களுக்குப் புரியாது, வாயைத் திறந்து பதில் சொல்லிவிடுங்கள். கழிப்பறைக் காகிதத்தை உள்ளே போடாமல் பக்கத்துக் கூடையில் போட வேண்டும். இங்குள்ள குழாய்கள் குறுகலானவை.

பிறந்தநாளைவிட இங்கே பெயர்நாள் பெரிது. ஒரு புனிதரின் பெயரைக் கொண்டவர்கள் எல்லோருக்கும் அந்தப் புனிதரின் நாளே விழா. அன்றைக்கு விருந்து வைப்பது விழாக்காரர்தான்; அலுவலகத்துக்கு இனிப்புப் பெட்டியோடு வருவார். "க்ரோன்யா பொலா" என்று வாழ்த்தி ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள். அக்டோபர் 26, திமித்ரிஸ், திமித்ரா என்ற பெயர்க்காரர்கள் அத்தனை பேருக்கும், இந்த ஊருக்கும் ஒருசேரத் திருநாள்: 1912-இல் அதே தேதியில்தான் ஊர் ஆட்டோமான் ஆட்சியிலிருந்து கிரேக்கத்தோடு சேர்ந்தது. ஈஸ்டர் அதைவிடப் பெரிது. மேற்கத்திய ஈஸ்டர் தேதியோடு பல ஆண்டுகள் ஒத்துப்போகாது. 2027-இல் மே 2 அன்று வருகிறது. சனி நள்ளிரவில் மெழுகுவர்த்தியோடு தேவாலய வாசலில் நிற்க எந்த மதத்தவரும் போகலாம். யாராவது வீட்டுக்கு அழைத்தால் தயங்காமல் போங்கள். ஆட்டிறைச்சி சாப்பிட மாட்டீர்கள் என்றால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், உங்களுக்கென்று தனியாக ஏதாவது செய்து வைப்பார்கள்.

வீட்டுக்குப் போகும்போது வெறுங்கையோடு போகக்கூடாது. இனிப்புக் கடையில் பெட்டியை நாடா கட்டித் தருவார்கள், அது போதும். தட்டு காலியாகக் காலியாக நிரப்பிக்கொண்டே இருப்பார்கள், அதனால் முதலில் கொஞ்சமாக வாங்கிக்கொள்ளுங்கள். பக்கத்து வீட்டிலிருந்து தட்டில் ஏதாவது வந்தால், அந்தத் தட்டைக் காலியாகத் திருப்பாதீர்கள். கேசரி வைத்துக் கொடுங்கள். அவர்களும் ரவையில் அல்வா செய்கிறவர்கள் என்பதால் ருசித்துச் சாப்பிடுவார்கள்.

அப்புறம், வீடு கொஞ்சம் ஒழுங்கானதும் அவர்களை நீங்கள் அழையுங்கள். இதை ஆறு மாதத்துக்குமேல் தள்ளிப்போடாதீர்கள்; பாத்திரம் போதாது, நாற்காலி இல்லை என்பதெல்லாம் காரணமே இல்லை, நாற்காலியை அவர்களே எடுத்து வருவார்கள். ஒன்பது மணிக்கு என்று சொன்னால் ஒன்பதரைக்கு வருவார்கள், வடையை அதற்குமுன் பொரிக்க வேண்டாம். காரத்தைக் குறைத்து, மிளகாய்த் துவையலைத் தனியாக வையுங்கள். எலுமிச்சைச் சாதமும் கத்தரிக்காய்க் கூட்டும் அவர்கள் நாக்குக்கு உடனே பிடிக்கும். அவர்கள் கொண்டுவரும் இனிப்புப் பெட்டியை அலமாரியில் வைத்துவிடாமல், அங்கேயே பிரித்து எல்லோருக்கும் பரிமாறுங்கள்.