ரொறன்ரோ குளிருக்கு முன் புல்தரைக்குச் செய்யவேண்டியவை

நம் வளவுகளில் அநேகமாக இருப்பது கென்டக்கி புளூகிராஸ். மைனஸ் 20ஐயும் தாங்கும். ஏப்ரலில் தெரியும் காய்ந்த திட்டுகளுக்கு ஒக்டோபரில் விட்ட வேலையும் சனவரியில் கொட்டிய உப்பும்தான் பெரும்பாலும் காரணம்.

1. வளர்ச்சி நிற்கும்வரை வெட்டுங்கள். கடைசி வெட்டில் புல் 6 சென்ரிமீற்றர் உயரம் நிற்கட்டும். நீளமாக விட்டால் பனிக்கடியில் சாய்ந்து பூஞ்சணம் பிடிக்கும். ஒட்ட வழித்தால் குருத்து அடிபடும்.

2. மேப்பிள் இலை காய்ந்திருக்கும்போது புல்வெட்டும் மெஷினை அதன்மேல் இரண்டு தரம் ஓட்டுங்கள். தூளுக்கு மேலே புல் நுனி தெரியவேண்டும். தெரியாவிட்டால் மிச்சத்தை அள்ளிவிடுங்கள்.

3. புல் பச்சையாக இருக்கும்போதே, நிலம் உறையுமுன் பசளை. 100 சதுர மீற்றருக்கு அரைக் கிலோ நைதரசன். பையில் முதல் எண் நைதரசன் வீதம்; அது 25 என்றால் 2 கிலோ பசளை. கையால் வீசினால் வரிவரியாக முளைக்கும். கையில் பிடித்துச் சுழற்றும் சின்ன ஸ்பிரெடரே போதும்: பாதியை நெடுக்காக, மீதியைக் குறுக்காக.

4. பலருக்குப் பிழைப்பது உப்பில்தான். ட்ரைவ்வேயில் உப்பைத் தூவி, இளகிய பனிச்சேற்றைச் சவளால் தள்ளிப் புல்லோரம் குவிப்பார்கள். குவியல் கரையும்போது அத்தனை உப்பும் அந்த இரண்டடிப் பட்டைக்குள் இறங்கும். சோடியம் களிமண்ணை இறுக்கிவிடும், வேருக்குத் தண்ணீர் எட்டாது. முதலில் பனியைத் தள்ளுங்கள். பிறகு ஐஸ் ஒட்டியிருக்கும் இடத்துக்கு மட்டும் உப்பு. மைனஸ் 10க்குக் கீழே சாதாரண உப்பு கொட்டுவது வீண்செலவு, மணல் போடுங்கள்.

உறைபனி படிந்த புல்லில் நடக்கவேண்டாம். கால்தடம் அப்படியே கருகி நிற்கும்.

5. பனி போனபின் சிலந்திவலை படிந்ததுபோல் வெளிறிய வட்டங்கள் தெரிந்தால் அது பனிப்பூஞ்சணம். மருந்து தேடி அலையாதீர்கள். ஒன்ராறியோவில் வீட்டுப் புல்லுக்கு இரசாயனக் கொல்லிகள் 2009 முதல் தடை. விசிறிபோன்ற பிளாஸ்ரிக் ரேக்கால் மெல்ல வாரிக் காற்றுப்பட விட்டால் பெரும்பாலும் தானே தளிர்க்கும். இரும்பு ரேக் ஈரநிலத்தில் நல்ல புல்லையும் பிடுங்கிவிடும்.

பின்சேர்க்கை: வளைந்து வளைந்து ஓடும் ஒடுங்கிய தடங்கள் பூஞ்சணமல்ல, பனிக்கடியில் வயலெலி மேய்ந்த வழி. வாரிவிட்டு வெறுமையான இடத்தில் விதை போடுங்கள்.

றோட்டோரப் பட்டையில் மாநகர வண்டி தள்ளும் உப்பைத் தடுக்கமுடியாது. மண் இளகியபின் ஹோஸால் ஆழ ஊறும்வரை பாய்ச்சுங்கள். உறைந்திருக்கையில் பாய்ச்சினால் தண்ணீர் மேலாலேயே ஓடிவிடும். அங்கே மறுபடி புளூகிராஸ் விதைக்காமல் உப்பைக் கூடுதலாகத் தாங்கும் ரோல் ஃபெஸ்க்யூ (tall fescue) என்ற புல்வகை போடுவது நல்லது.