கணினியில் பாட்டு விட்டு விட்டுக் கேட்கிறதா?

டர்பனில் யார் வீட்டுக் கணினியில் பாட்டு திக்கினாலும் பழி முதலில் இணைய இணைப்பின் மேல்தான் விழுகிறது. அது சரியா என்று உடனே சோதித்துவிடலாம். கணினியில் சேமித்து வைத்த ஒரு பாட்டை, வைஃபையை அணைக்காமல் ஓடவிடுங்கள். அதுவும் வெட்டுப்பட்டால் கோளாறு கணினிக்குள்ளேயே இருக்கிறது. என் மடிக்கணினியில் வெள்ளிக்கிழமை பூசைக்குத் தேவாரம் போட்டால், ஓதுவார் குரலை இழுக்கும் இடத்திலெல்லாம் ‘டப்’ என்று அறுந்தது. ஸ்பீக்கரை மாற்றியும் பலனில்லை.

அடுத்து லேட்டன்சிமான் (LatencyMon) என்ற மென்பொருளை நிறுவுங்கள். கணினியின் ஒவ்வொரு பாகத்தையும் இயக்கும் சிறு மென்பொருளுக்கு டிரைவர் என்று பெயர்; அவற்றில் எது தாமதம் செய்கிறது என்று இது காட்டும். வீட்டு உபயோகத்துக்கு இலவசம். பச்சைப் பொத்தானை அழுத்தி, பாட்டையும் ஓடவிட்டு, பத்து நிமிடமாவது பொறுத்திருங்கள். பிறகு ‘டிரைவர்ஸ்’ பகுதியில் ‘ஹையஸ்ட் எக்ஸிக்யூஷன்’ என்ற தலைப்பைச் சொடுக்கினால், அதிக நேரம் எடுக்கும் டிரைவர் மேலே வந்து நிற்கும்.

இந்த இடத்தில் நிதானம் வேண்டும். விண்டோஸ் வழக்கமாக ஒலியை 10 மில்லிவினாடித் துண்டுகளாக அனுப்புகிறது. ஒரு டிரைவர் அந்த நேரத்தில் கணினியின் பிராசஸரைப் பிடித்து வைத்துக்கொண்டால் அடுத்த துண்டு வந்து சேராது. காதில் விழும் வெட்டு அதுதான். பல கணினிகளில் மேலே வரும் பெயர் என்டிஐஎஸ்.எஸ்ஒய்எஸ் (ndis.sys). அது விண்டோஸின் சொந்தக் கோப்பு. அதில் கை வைக்கவே கூடாது. நெட்வொர்க் டிரைவர்கள் அதன் வழியாக வேலை செய்வதால்தான் அந்தப் பெயர் வருகிறது. டிவைஸ் மேனேஜரில் வைஃபை அடாப்டரைத் தற்காலிகமாக முடக்கிவிட்டு அதே பாட்டைக் கேளுங்கள். குரல் சீராக வந்தால் குற்றவாளி வைஃபை டிரைவர்.

புதிய டிரைவரை மடிக்கணினி தயாரித்த நிறுவனத்தின் தளத்திலிருந்தே இறக்குங்கள். எல்லா டிரைவர்களையும் தாமே புதுப்பிப்பதாகச் சொல்லும் மென்பொருள்களை நான் யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன். பொருந்தாத பதிப்பை ஏற்றிவிடக்கூடும். அண்மையில் வந்த புதுப்பிப்புக்குப் பிறகு கோளாறு தொடங்கியிருந்தால், டிவைஸ் மேனேஜரில் ‘ரோல் பேக் டிரைவர்’ கொடுத்துப் பழைய பதிப்புக்கே திரும்புங்கள். எனக்குத் தீர்வு அதில்தான் கிடைத்தது.

பின்சேர்க்கை: மின்வெட்டு நேரத்தில் மட்டும் திக்குகிறது என்று சாட்ஸ்வொர்த் வாசகர் ஒருவர் எழுதியிருந்தார். பேட்டரிக்கு மாறியதும் கணினி தன் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். விண்டோஸ் 11 என்றால் செட்டிங்ஸ், சிஸ்டம், பவர் அண்ட் பேட்டரி என்று போய், பவர் மோடை ‘பெஸ்ட் பெர்ஃபார்மன்ஸ்’ என்று மாற்றிப் பாருங்கள். புளூடூத் ஹெட்போனில் மட்டும் வெட்டினால் சங்கதி வேறு. புளூடூத்தும் 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபையும் ஒரே அலைவரிசையில் மோதிக்கொள்ளும். ரௌட்டரில் 5 கிகாஹெர்ட்ஸ் இருந்தால் முதலில் கணினியை அதற்கு மாற்றிவிட்டுக் கேளுங்கள்.