பூட்டன் காலத்துக் கட்டை வீட்டைப் பிரித்து வேறு இடத்தில் நிறுத்த

அமெரிக்காவின் அப்பலாச்சிய மலைப்பகுதியில் 19-ஆம் நூற்றாண்டில் மரக்கட்டைகளை அடுக்கிக் கட்டிய வீடுகள் இன்னும் நிற்கின்றன. பலவற்றின் மேல் பின்னாளில் பலகை அடித்திருப்பார்கள். மழையிலிருந்து கட்டைகளைக் காத்தது அந்தப் பலகைதான். அதிலுள்ள பெயின்ட் 1978-க்கு முந்தையது என்றால் ஈயம் இருக்கலாம், உலர்வாகச் சுரண்டக் கூடாது.

நகர்த்துவது கடைசி வழி. தேசிய வரலாற்று இடங்கள் பதிவேட்டில் உள்ள வீட்டை முன் ஒப்புதல் இல்லாமல் நகர்த்தினால் பதிவு போய்விடும். சாலை அகலமாக, தாழ்ந்த மின்கம்பி குறுக்கிடாமல் இருந்தால் அடியில் இரும்பு உத்திரம் செருகி, ஜாக்கியால் தூக்கி, முழு வீட்டையும் லாரியில் ஏற்றிவிடலாம். மலைச் சாலையில் அது நடக்காது. பிரித்தே ஆக வேண்டும்.

முதல் வேலை அடையாளமிடுவது. நான்கு சுவரையும் நேர்முகமாகப் படமெடுத்து, மூலைக்கு மூலை அளந்து வரையுங்கள். கட்டைகளுக்கு இடையிலுள்ள சாந்தைத் தட்டி எடுங்கள். ஒரு டப்பா மாதிரிக்கு வையுங்கள். பிறகு ஒவ்வொரு கட்டையிலும், புதுச்சாந்து மூடப்போகும் விளிம்பில், எண் பொறித்த அலுமினியத் தகட்டைத் துருப்பிடிக்காத ஆணியால் அடியுங்கள்: வடக்குச் சுவரின் அடிக்கட்டை ‘வ-1’, அதன் மேல் ‘வ-2’. சுண்ணக்கட்டி ஒரே மழையில் அழியும். இரும்பாணி ஓக் மரத்தைக் கருப்பாக்கும்.

புகைபோக்கி, கூரை, கைமரம், உத்திரம், பிறகு சுவர் என்று மேலிருந்து கீழே இறங்குங்கள். பலர் கோட்டைவிடுவது மூலைப் பொருத்தில்தான். கட்டை முனையின் ஒருபக்கத்தை மட்டும் புறாவால்போல் சரித்துச் செதுக்குவது பாதிப் புறாவால் பொருத்து (half-dovetail). அதன் சரிவு மழைநீரை வெளியே தள்ளவும் மூலையைப் பூட்டவும் செதுக்கியது. பொருத்தின் நுனியில் மர இழை குட்டையாக அறுபட்டிருக்கும். ஒரு முனையை மட்டும் தூக்கினாலோ திருகினாலோ நுனி படக்கென்று பிளந்துவிடும். இருமுனையும் ஒரே நேரத்தில், நெட்டாக எழ வேண்டும். 20 அடி ஓக் கட்டை 200 கிலோவைத் தாண்டும். நாலு பேர் தோள் போதும் என்று நம்ப வேண்டாம், கிரேனும் துணிப்பட்டையும் வையுங்கள். சங்கிலி கட்டினால் கோடாரித் தழும்பு நசுங்கும்.

கழற்றியதைக் குத்திப் பாருங்கள். ஸ்க்ரூடிரைவர் புதைந்தால் உளுத்தது. அநேகமாக அடிக்கட்டைதான் அப்படி இருக்கும். உளுத்த பகுதியை மட்டும் வெட்டி, அதே இன மரத்தை ஒட்டவையுங்கள். செஸ்ட்நட் என்ற மரத்தின் கட்டை என்றால் புதிது தேடிப் பயனில்லை: 1904-இல் நியூயார்க்கில் கண்டறியப்பட்ட பூஞ்சை நோய் அந்த மரத்தையே ஏறக்குறைய ஒழித்துவிட்டது. பழைய கட்டை இடித்த களஞ்சியங்களில் கிடைக்கும். பூச்சி அரிக்காமலிருக்கப் போரேட் (போரான் உப்பு) கரைசல் பூசலாம். மழையில் கரைந்துவிடும் என்பதால் கூரை போட்ட பிறகும் ஒருமுறை பூசுங்கள்.

புது இடத்தில் அடிக்கட்டை மண்ணைத் தொடக் கூடாது. கல் தூணில் ஒன்றரை அடி உயரத்தில் உட்காரட்டும். ஒவ்வொரு வரிசைக்கும் மூலைவிட்டம் அளந்து, தேவைப்பட்டால் ஆப்பு வைத்து மட்டம் பாருங்கள்.

சாந்து கடைசியில். சிமென்ட் வேண்டவே வேண்டாம்: கட்டை சுருங்கும்போது விலகும், இடுக்கில் இறங்கிய நீரை வெளியே விடாது, பின்னால் மரம் அழுகும். சுண்ணாம்பு ஒரு பங்கு, மணல் மூன்று பங்கு. இடுக்கில் கல்லும் மரச்சில்லும் திணித்து, மேல்கட்டையின் விளிம்புக்கு உள்ளே தள்ளிப் பூசி, கீழ்விளிம்பு வெளியே சரிய விடுங்கள். வெயிலில் காயாமல் ஈரச்சாக்கு போர்த்துங்கள். தகடுகளைப் பிடுங்க வேண்டாம். அடுத்து அடிக்கட்டை மாற்றுகிறவர் சாந்தைத் தட்டினால் எண் கிடைக்கும்.