ஃபைனல் ஃபேன்டஸி 7 முடிச்சாச்சா? அட்வென்ட் சில்ட்ரன் படத்தை இப்படி பாருங்க மக்களே

சேலத்துல நம்ம கேமிங் பசங்க பாதி பேரு, ஃபைனல் ஃபேன்டஸி 7 கேமோட கதைய தொடர்ற அனிமேஷன் படமான அட்வென்ட் சில்ட்ரனை யூடியூப்ல ஃபைட் கிளிப்பா மட்டும் பாத்துட்டு "கிராபிக்ஸ் செம, கதை தான் புரியல"ன்னு விட்டுடறாங்க, எனக்கு அது ரொம்ப வருத்தம்ங்க, ஏன்னா ஜெயிச்சு வந்தவனுக்கு அப்புறம் மனசு எப்படி இருக்கும், கூட இருந்தவங்கள இழந்தவன் எப்படி மறுபடி தேறி வருவான், அத சொல்றதுக்குன்னே எடுத்த படம் இது. கொஞ்சம் தயார் பண்ணிட்டு உக்காந்தா கண்டிப்பா கண்ணு கலங்கும். கேம இன்னும் முடிக்காதவங்க இதோட நிறுத்திக்கோங்க, கீழ கதையெல்லாம் வரும்.

ஃபைனல் ஃபேன்டஸி 7, 1997ல பிஎஸ்1க்கு (முதல் ப்ளேஸ்டேஷன்) 3 சிடில வந்த கேம். கடைசில மெட்டியர்ங்கற பெரிய விண்கல் விழ வருது, ஹோலிங்கற காப்பு மந்திரம் மட்டும் பத்தல, கிரகத்துக்குள்ள ஓடுற உயிர் சக்தியான லைஃப்ஸ்ட்ரீம் எழும்பி வந்து தடுக்குது, அவ்ளோ தான், டக்குனு 500 வருஷம் தாண்டி ஹீரோ கூட்டத்துல இருந்த சிங்கம் மாதிரி மிருகம் ரெட் 13 குட்டிங்களோட ஓடி வந்து செடி கொடி மூடின மிட்கார் நகரத்தைப் பாக்குற சீனோட முடிச்சுட்டாங்க. ஹீரோ க்ளவுட் என்ன ஆனான், அவனோட சின்ன வயசு தோழி டீஃபா என்ன ஆனா, ஒரு வார்த்தை சொல்லல. அந்தக் கேள்விக்கு 8 வருஷம் கழிச்சு, 2005 செப்டம்பர்ல வந்த பதில் தான் இந்தப் படம். கேம்ல கேரக்டர்களை டிசைன் பண்ண டெட்சுயா நோமுரா தான் டைரக்டர், கேம் கதைல வேலை செஞ்ச கஸுஷிகே நோஜிமா தான் இதுக்கும் எழுத்து. அதனால வெளியாள் யாரோ எடுத்த மாதிரி இருக்காது, நம்ம ஆளுங்களே திரும்பி வந்து பேசுற மாதிரி இருக்கும்.

எந்த வெர்ஷன் பாக்கணும்னா, கண்ண மூடிட்டு 2009ல வந்த 'கம்ப்ளீட்'. பழசு 101 நிமிஷம், இது 126. அந்த 25 நிமிஷத்துல தான் டென்ஸல்ங்கற பையனோட கதை நிமிந்து நிக்குது, அவன் தெருவுல கிடந்து க்ளவுட் வீட்டுக்கு வந்து சேர்றது தெரியலன்னா க்ளவுட் ஏன் வீட்ட விட்டு ஒதுங்கி ஒதுங்கி போறான்னு பிடிபடாது. டிஸ்க் வாங்குறவங்க ஒண்ணு கவனிங்க, டிஸ்க்கும் பிளேயரும் ஒரே ரீஜனா இல்லன்னா ஓடாது, நம்ம நாட்டு ப்ளூரே பிளேயர் ரீஜன் சி, ஜப்பான் அமெரிக்கா எல்லாம் ரீஜன் ஏ, அதனால பின்னட்டைய பாத்துட்டு வாங்குங்க. 2021ல வந்த 4கே டிஸ்க்குக்கு ரீஜன் தொல்லையே இல்ல, ஆனா அதுக்கு டிஸ்க் டிரைவ் இருக்குற பிஎஸ்5 இல்லன்னா 4கே ப்ளூரே பிளேயர் வேணும், பிஎஸ்4ல ஓடாது, பிஎஸ்4 ப்ரோவா இருந்தாலும் ஓடாது.

படத்துக்கு முன்னாடி முழு கேமும் திரும்ப ஆட வேணாம், யாருக்கு அவ்ளோ நேரம் இருக்கு. இந்த சீன்கள் மட்டும் மனசுல புதுசா இருக்கணும்: சர்ச்சுல, க்ளவுட்டோட தோழி ஏரித்தோட பூச்செடிங்க, கால்ம் ஊர்ல க்ளவுட் தன் சொந்த ஊர் நிபெல்ஹைம் எரிஞ்ச கதைய சொல்றது, முதல் சிடி முடிவுல ஏரித் சாகுறது (அத பாக்காம படத்த போடாதீங்க, கெஞ்சி கேட்டுக்கறேன்), அப்புறம் லைஃப்ஸ்ட்ரீம் உள்ள டீஃபா க்ளவுட்டோட நிஜ ஞாபகத்தை தேடித் தர்றது. இதோட நெறைய பேர் மிஸ் பண்ற ஒரு சீன் இருக்கு. க்ளவுட் தெளிஞ்சு திரும்பி வந்ததுக்கு அப்புறம் நிபெல்ஹைம்ல இருக்குற ஷின்ரா கம்பெனி மாளிகையோட பேஸ்மென்டுக்கு நாமளா போனா தான் வரும், போகலன்னா கேம் உங்கள கூப்பிடாது. க்ளவுட்டோட நண்பன் ஸாக் எப்படி செத்தான்னு அங்க தான் தெரியும். படத்துல மலைமேல துருப்பிடிச்சு தனியா நட்டு வச்ச அந்த பெரிய கத்தி யாரோடது, க்ளவுட் ஏன் அங்க போய் நிக்கறான், எல்லாம் இந்த சீன் தெரிஞ்சவனுக்குத் தான் நெஞ்சுல இறங்கும்.

கேம் ஆடாத ஃப்ரெண்ட்ஸ கூப்பிட்டீங்கன்னா முன்னாடியே ஒரு பத்து நிமிஷம் கதை சொல்லிடுங்க. ஏரித், ஸாக், கேமோட வில்லன் செஃபிராத் இந்த 3 பேர் யாருன்னு தெரிஞ்சாலே போதும், ஜியோஸ்டிக்மா நோய படமே சொல்லிடும். படத்தோட வில்லனுங்க கடாஜ், லோஸ், யாஸூ அண்ணன் தம்பிங்க, செஃபிராத்தோட எச்சம், அவ்ளோ போதும்.

சவுண்டுல மட்டும் கஞ்சத்தனம் வேணாம். டிவி ஸ்பீக்கர்ல பாத்தா பாதி படம் போச்சு, ஒரு சப்வூஃபர் கடன் வாங்கியாவது வைங்க. கேம்ல குரலே கிடையாது, எல்லாம் எழுத்துப் பெட்டி தான், பாட்டுங்க தான் நமக்கு குரல். கடைசி சண்டைல இசையமைப்பாளர் உயேமட்சுவோட ஒன் விங்ட் ஏஞ்சல் பாட்டு கிடாரும் கோரஸும் சேந்து புதுசா வர்றப்ப ஹால் அதிரணும். சர்ச்சுல டீஃபாவும் லோஸும் மோதுறப்ப ஒரு போன் அடிக்கும், அந்த ரிங்டோன நான் சொல்ல மாட்டேன், கேம் ஆடினவன் தானா கத்துவான். ஆடியோ ஜப்பானீஸ், சப்டைட்டில் இங்கிலீஷ், இது என் சாய்ஸ்.

எங்க பாக்கறது? அழகாபுரமோ அம்மாபேட்டையோ யார் வீட்டு ஹால் பெருசோ அங்க. ஏப்ரல் மே வெயில்ல இன்வெர்ட்டர் சார்ஜ் இருக்கான்னு பாத்துக்கோங்க. தின்ன தட்டுவடை செட் தான், ஆனா கடைல செட் பண்ணி வாங்கிட்டு வந்தா நமுத்துடும், தட்டுவடை தனியா, சட்னி தனியா, பீட்ரூட் கேரட் துருவல் தனியா வாங்கிட்டு இடைவேளைல அங்கயே போட்டுக்கோங்க. இடைவேளைய டீஃபா சர்ச் சண்டை முடிஞ்சதும் விடுங்க.

க்ளவுட்டோட ஃபென்ரிர் பைக்க பாத்தா அடுத்த நாள் காலைல ஏற்காடு ஏறணும்னு கை துறுதுறுக்கும், ஏறுங்க, 20 ஹேர்பின் பெண்டும் அப்படியே அந்த ஃபீல் தரும், ஆனா ஹெல்மெட் போடுங்க, மேல ஏறி வர்ற வண்டிக்கு வழி விடுங்க, பனி மூடுச்சுன்னா ஓரமா நிறுத்துங்க.

பாத்து முடிச்சு ஸாக் மேல பாசம் வந்துடுச்சுன்னா அடுத்து அவனோட கதைய சொல்ற க்ரைசிஸ் கோர் கேம். 2007ல பிஎஸ்பில (கைல வச்சு ஆடுற ப்ளேஸ்டேஷன்) வந்தது, 2022ல ரீயூனியன்னு பிஎஸ்4, பிஎஸ்5, பிசி, ஸ்விட்ச் எல்லாத்துக்கும் வந்துடுச்சு. அத ஆடிட்டு படத்த இன்னொரு தடவ போடுங்க, அந்த கத்தி சீன் மொத தடவைய விட பல மடங்கு அடிக்கும்.