டாக்ஸிக்குத் தண்டம் அழாமல் துபாய் சுற்றுவது எப்படி? முதல்முறை போகிறவர்களுக்கு

"ரோட்டுக்கு அந்தப் பக்கம்தானேப்பா, கையைக் காட்டிக்கிட்டே போயிடலாம் வா" என்றார் அம்மா.

அந்த ரோடு ஷேக் சாயித் சாலை. இரண்டு திசையும் சேர்த்துப் பன்னிரண்டு தடம், நடுவில் வேலி. எதிர்ப்பக்கம் எங்கள் ஹோட்டலின் பெயர்ப்பலகையைக் கண்ணாடி போடாமலே படிக்க முடிந்தது. ஆனால் அங்கே போய்ச் சேர அரை மணி நேரம் ஆனது. கையைக் காட்டிக் கடக்கும் நம்ம ஊர் வித்தை அங்கே செல்லாது. கண்ட இடத்தில் சாலையைக் கடந்தால் அபராதம் 400 திர்ஹாமில் தொடங்குகிறது, வேகச் சாலை என்றால் தண்டனை இன்னும் கடுமை.

ஐந்து நாள் பயணத்தில் நாங்கள் பட்ட அவதி எல்லாமே கிட்டத்தட்ட இதே ரகம்தான். மேப்பில் பக்கத்தில் தெரியும், காலுக்கு எட்டாது. நான், மனைவி, அம்மா, நான்கு வயதுப் பையன் என்று போனோம். போகிற வரிசையிலேயே படிப்படியாகச் சொல்கிறேன்.

படி 1: எந்த டெர்மினல் என்று டிக்கெட்டில் பாருங்கள்

துபாய் விமான நிலையத்தில் டெர்மினல் 1, டெர்மினல் 3 இரண்டிலும் மெட்ரோ ஸ்டேஷன் உண்டு. டெர்மினல் 2-க்குக் கிடையாது. அது ஓடுபாதைக்கு மறுபுறம் தனியாக இருக்கிறது. குறைந்த கட்டண விமானங்கள் பலவும் அங்கேதான் இறங்கும். "இறங்கினதும் மெட்ரோ பிடிச்சிடலாம்" என்று வீட்டில் பெருமையாகச் சொல்லி வைத்திருந்தேன். இறங்கியது டெர்மினல் 2. கடைசியில் டாக்ஸிதான்.

விமான நிலையத்தில் ஏறினால் டாக்ஸி மீட்டரே 25 திர்ஹாமில் தொடங்கும். மற்ற இடங்களில் குறைந்தபட்சக் கட்டணம் ஏறக்குறைய அதில் பாதிதான். வழியில் சாலிக் என்ற சுங்க வாசலைக் கடந்தால் அந்தப் பணமும் சேரும். டிரைவர் ஏமாற்றுகிறார் என்று சண்டைக்குப் போக வேண்டாம், ரசீதிலேயே தனியாக வரும். பெண்கள் மட்டும் போவதாக இருந்தால் இளஞ்சிவப்புக் கூரை போட்ட டாக்ஸியைப் பாருங்கள், ஓட்டுவதும் பெண்தான்.

படி 2: ஆளுக்கு ஒரு நோல் கார்டு

மெட்ரோ, பஸ், டிராம் எல்லாவற்றுக்கும் நோல் கார்டு ஒன்றே போதும். சுற்றுலா போகிறவர்களுக்குச் சில்வர் கார்டு சரி. விலை 25 திர்ஹாம், அதில் 19 திர்ஹாம் பயணத்துக்கு இருக்கும். ஒரு மண்டலத்துக்குள் 3, அடுத்த மண்டலம் என்றால் 5, அதற்கு மேல் எவ்வளவு தூரமானாலும் 7.5 திர்ஹாம். கோல்டு என்கிற உயர்வகுப்புப் பெட்டியில் உட்கார ஆசைப்பட்டால் இதில் இரண்டு மடங்கு.

நான் செய்த தப்பு, மூன்று பெரியவர்களுக்கு ஒரே கார்டு வாங்கியது. நான் தட்டினேன், கதவு திறந்தது, உள்ளே போய்விட்டேன். அம்மாவுக்காகக் கையை நீட்டி வெளிப்பக்கம் மறுபடி தட்டினால் சிவப்பு விளக்கு. உள்ளே போன கார்டு வெளியே வரும்வரை இன்னொருவரை உள்ளே விடாது. நான் உள்ளே, குடும்பம் வெளியே, பின்னால் வரிசை. ஆகவே ஐந்து வயதுக்குக் கீழ் உள்ள குழந்தைகளைத் தவிர ஆளுக்கு ஒன்று வாங்கிவிடுங்கள்.

மெட்ரோவில் ஏற கார்டில் குறைந்தது 15 திர்ஹாம் இருக்க வேண்டும். போகிற தூரத்துக்கு 3 திர்ஹாம்தானே என்று நினைத்து 10 மட்டும் மிச்சம் வைத்திருந்தால் கதவு திறக்காது. அப்புறம், டிராமுக்கு டிக்கெட் கதவே இருக்காது. பிளாட்பாரத்தில் ஒரு கம்பத்தில் கருவி மட்டும் நிற்கும். யாரும் தடுக்கவில்லையே என்று ஏறிவிடாமல் ஏறும்போதும் இறங்கும்போதும் தட்டுங்கள். பஸ்ஸிலும் அப்படியே.

படி 3: ரயிலில் ஏறும்முன் மூன்று இடத்தைப் பாருங்கள்

முதலில் தரை. பெண்கள், குழந்தைகளுக்கான பெட்டி எது என்று பிளாட்பாரத்திலும் பெட்டிக்குள்ளும் கோடு போட்டு எழுதியிருக்கும். கூட்டத்தில் பெண்களோடு சேர்ந்து நாமும் ஏறிவிடுவோம். ஆண்கள் அந்தக் கோட்டைத் தாண்டி நின்றால் 100 திர்ஹாம் அபராதம். நான் அரைக்கால் உள்ளே வைத்து நின்றிருந்தேன். எதிரில் இருந்த ஒரு பெண்மணி ஒன்றும் பேசவில்லை, என் செருப்பைப் பார்த்தார், கோட்டைப் பார்த்தார், மறுபடி செருப்பைப் பார்த்தார். பின்வாங்கிவிட்டேன். சாப்பிட்டாலும், தண்ணீர் குடித்தாலும், சூயிங்கம் மென்றாலும் அதே 100 திர்ஹாம்தான். பையன் பிஸ்கட் கேட்டு அழுத நேரத்தில் இந்தச் சட்டத்தின் அருமை எங்களுக்குத் தெரிந்தது.

அடுத்து, ரயில் எங்கே போகிறது என்ற பலகை. மெட்ரோவின் ரெட் லைன் தடம் ஜெபல் அலி ஸ்டேஷனைத் தாண்டியதும் இரண்டாகப் பிரிகிறது. ஒரு கிளை இப்ன் பதூதா வழியாக நேரே போகும், இன்னொன்று எக்ஸ்போ 2020 பக்கம் திரும்பும். இப்ன் பதூதா மாலுக்குக் கிளம்பிய நாங்கள் எக்ஸ்போ ரயிலில் உட்கார்ந்திருந்தோம். அடுத்து இப்ன் பதூதா என்று எழுந்து நின்றால், 'தி கார்டன்ஸ்' என்று அறிவிப்பு வந்தது. பயப்பட ஒன்றுமில்லை, வெளியே போகாமல் எதிர் பிளாட்பாரத்தில் ஏறி ஜெபல் அலிக்குத் திரும்பி மாறிக்கொள்ளலாம். ஓட்டுநர் இல்லாத ரயில், கேட்கவும் ஆள் இல்லை. பலகையைப் பார்ப்பது ஒன்றே வழி.

(அந்த மாலைப் பார்க்கத்தான் வேண்டும். பதினான்காம் நூற்றாண்டுப் பயணி இப்ன் பதூதா போன நாடுகளின் பெயரில் ஆறு கூடங்கள்: அந்தலூசியா, துனிசியா, எகிப்து, பாரசீகம், இந்தியா, சீனா. அவர் நம்ம மதுரைக்கும் வந்தவர். மதுரை சுல்தான் அவருக்குச் சகலை. இதைச் சொன்னதும் அம்மாவுக்கு அந்த மால் சொந்த வீடு மாதிரி ஆகிவிட்டது.)

மூன்றாவது, ஸ்டேஷன் பெயர். துபாயில் ஸ்டேஷன் பெயர்களை நிறுவனங்களுக்குக் குத்தகைக்கு விடுகிறார்கள், குத்தகை மாறினால் பெயரும் மாறும். ரஷீதியா இப்போது சென்டர்பாயின்ட். அல் ஜாஃபிலியா இப்போது மேக்ஸ். துபாய் மரீனா முதலில் டமாக் ஆனது, பிறகு சோபா ரியல்டி. பழைய துபாயைப் பார்க்க இறங்கும் அல் ஃபஹிதி இப்போது ஷரஃப் டிஜி, அதே பெயர் முன்பு ரெட் லைனில் வேறொரு ஸ்டேஷனுக்கு இருந்தது! ஐந்து வருஷத்துக்கு முந்தைய பயணக் கட்டுரையை நம்பிப் போனால் ஊரே வேறாக இருக்கும். ஹோட்டலை விட்டுக் கிளம்பும்போது அன்றைய மெட்ரோ வரைபடத்தை ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

ஞாயிற்றுக்கிழமை மெட்ரோ காலை 8 மணிக்குத்தான் தொடங்கும், மற்ற நாளில் 5 மணிக்கே. அபுதாபி போக ஞாயிறு காலை ஆறரைக்குக் குளித்து முடித்து ஸ்டேஷன் வாசலில் உட்கார்ந்திருந்தது நாங்கள்தான். இப்ன் பதூதாவிலிருந்து அபுதாபிக்குப் போகும் ஈ101 பஸ்ஸுக்கு 25 திர்ஹாம், நோல் கார்டிலேயே போகலாம். அபுதாபிக்குள் ஓடும் பஸ்ஸில் அந்த கார்டு செல்லாது, அங்கே ஹஃபிலாத் என்று வேறு கார்டு.

படி 4: எந்தப் பக்கம் இறங்குவது

இதுதான் எல்லாவற்றிலும் முக்கியமானது. ஷேக் சாயித் சாலை ஓரம் உள்ள ஸ்டேஷன்களில் சாலைக்கு மேலே ஏசி போட்ட நடைபாலம் இருக்கும், இரண்டு கோடியிலும் படிக்கட்டு. எந்தக் கோடியில் இறங்குகிறோம் என்பதை மேலே இருக்கும்போதே முடிவு செய்துவிட வேண்டும். தப்பான பக்கம் இறங்கி, நிழல் இல்லாத நடைபாதையில் பத்து நிமிடம் நடந்து, அப்புறம் எதிர்ப்பக்கம் ஹோட்டலைப் பார்த்து நின்றால், வந்த வழியே திரும்பி ஸ்டேஷனில் ஏறி இறங்குவதைத் தவிர வேறு வழியில்லை. கோடையில் 40 டிகிரிக்கு மேல் கொதிக்கும் ஊரில் இது சின்ன விஷயம் இல்லை. நல்ல வேளை, டிக்கெட் கதவுக்கு வெளியேதான் பாலம், மறுபடி காசு பிடிக்காது.

டாக்ஸியிலும் இதே பாடம்தான். ஒரு திருப்பத்தைத் தவறவிட்டால் திரும்பி வர ஒன்றிரண்டு கிலோமீட்டர் போக வேண்டியிருக்கும், மீட்டர் ஓடிக்கொண்டே இருக்கும். கட்டடத்தின் பெயர் சொல்வதோடு நிற்காமல் மேப்பில் குத்திய இடத்தை டிரைவரிடம் காட்டுங்கள்.

படி 5: புர்ஜ் கலீஃபா

828 மீட்டர், உலகிலேயே உயரமான கட்டடம், 2010 ஜனவரி 4 அன்று திறந்தார்கள். இதெல்லாம் தெரிந்திருக்கும். தெரியாதது, ஸ்டேஷன் பெயரில் புர்ஜ் கலீஃபா இருந்தாலும் ஸ்டேஷனிலிருந்து துபாய் மாலுக்கே 800 மீட்டருக்கு மேல் மூடிய நடைபாதையில் போக வேண்டும் என்பது. நகரும் தளம் இருக்கிறது, ஆனாலும் வயதானவர்களோடு போனால் கால் மணி நேரம் ஆகும். மேலே போகும் நுழைவாயில் மாலின் கீழ்த்தளத்தில் இருக்கிறது, அதைக் கண்டுபிடிக்க இன்னொரு கால் மணி. டிக்கெட்டில் நேரம் குறித்திருப்பார்கள், ஆகவே அதற்கு ஒரு மணி நேரம் முன்பே மெட்ரோவை விட்டு இறங்கிவிடுங்கள்.

124, 125ஆம் மாடிகளே தாராளம். 148ஆம் மாடிக்குக் கூடுதல் பணம் தருவது என் கணக்கில் வீண். சூரியன் மறையும் நேரத்து டிக்கெட் விலை அதிகம். டிசம்பரில் ஐந்தரைக்கும் ஜூனில் ஏழுக்கு மேலும் மறையும். மேலே இருப்பவர்களுக்குச் சூரியன் கொஞ்சம் தாமதமாக மறைவதால், ரமலானில் 80ஆம் மாடிக்கு மேல் குடியிருப்பவர்கள் 2 நிமிடமும் 150-க்கு மேல் 3 நிமிடமும் கழித்தே நோன்பு திறக்க வேண்டும் என்று அங்குள்ள மார்க்க அறிஞர்கள் சொல்லியிருக்கிறார்கள்.

படி 6: ஒரு திர்ஹாம் படகு

எனக்கு மொத்தத் துபாயிலும் பிடித்தது இதுதான். ஊருக்குள் புகுந்திருக்கும் கடல்கழிதான் க்ரீக். அதன் இந்தக் கரை பர் துபாய், அந்தக் கரை டெய்ரா. நடுவே அப்ரா என்கிற மரப்படகு ஓடுகிறது, கட்டணம் ஒரு திர்ஹாம். நடுவில் பெட்டி மாதிரி நீளமான பலகை, அதன் இரு பக்கமும் முதுகோடு முதுகாக உட்கார்ந்து கால் தொங்கப் போடாமல் மடக்கிக்கொள்ள வேண்டும். படகோட்டி அந்தப் பலகைக்கு நடுவே ஒரு குழிக்குள் இடுப்புவரை இறங்கி நிற்கிறார். கைப்பிடிச் சுவர் கிடையாது, தண்ணீர் ஒரு முழம் கீழே. டீசல் வாடை, கடல்காகம், எதிர்க்கரையில் ஃபிரிட்ஜும் டயரும் ஏற்றிக்கொண்டிருக்கும் பெரிய மரக்கலங்கள். சில்லறை வைத்துக்கொள்ளுங்கள், கைக்குக் கை மாறி அவரிடம் போய்ச் சேரும்.

இங்கும் ஒரு சிக்கல். படகுத்துறை கரைக்கு இரண்டு. டெய்ரா ஓல்டு சூக்கிலிருந்து (சூக் என்றால் சந்தை) பர் துபாய்க்கு ஒரு வழி, அல் சப்காவிலிருந்து துபாய் ஓல்டு சூக்கிற்கு இன்னொரு வழி. போனது முதலாவதில். தங்கம், மசாலாக் கடைகளைப் பார்த்துவிட்டு மரக்கலங்களை ஒட்டி நடந்தபடி சப்கா வந்து அங்கே ஏறிவிட்டோம். பர் துபாய் துறையில் நண்பன் காத்திருக்க, நாங்கள் வேறு துறையில் இறங்கி வாட்ஸ்ஆப்பில் அழைத்துக்கொண்டே இருந்தோம். அங்கே வாட்ஸ்ஆப் அழைப்பு வேலை செய்யாது, செய்தி மட்டும் போகும். இரண்டு துறைக்கும் நடுவே துணிச் சந்தை, நடந்தால் சில நிமிடம்தான். மனைவியோடு நடந்தால் ஒன்றரை மணி நேரம்.

படி 7: பாலைவனம்

மதியம் மூன்று மணி வாக்கில் ஹோட்டலுக்கு வண்டி வரும். வரவில்லை. எங்கள் ஹோட்டலின் பெயரில் ஊரில் மூன்று கிளைகள், நான் பதிவு செய்யும்போது பெயரை மட்டும் எழுதியிருந்தேன். வண்டி வேறு கிளையில் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தது. இடத்தைக் குத்திய இணைப்பை முந்தின நாளே அனுப்பிவிடுங்கள்.

லஹ்பாப் பக்கம் சிவந்த மணல்மேடுகள். மணலில் இறங்கும்முன் டிரைவர் நான்கு டயரிலும் காற்றைக் குறைப்பார், புஸ்ஸென்று சத்தம் கேட்கும். டயர் தட்டையாகி மணலில் அகலமாகப் பதியத்தான் அது. மதியச் சாப்பாட்டை அரை வயிற்றோடு நிறுத்துங்கள், இல்லாவிட்டால் என் பையனைப் போல முன் சீட்டில் இருப்பவரிடம் மன்னிப்புக் கேட்க வேண்டிவரும். வயதானவர்கள், முதுகுவலிக்காரர்கள், கர்ப்பிணிகள் மணல்மேடுகளில் வண்டி ஏறி இறங்கும் இந்த ஆட்டத்துக்குப் போகக் கூடாது. முன்கூட்டியே சொன்னதால் அம்மாவை நேராக முகாமுக்குக் கொண்டுபோய் விட்டார்கள். நாங்கள் தள்ளாடி வந்து சேர்ந்தபோது அவர் இரண்டாவது டீ குடித்துக்கொண்டிருந்தார்.

படி 8: திரும்பும் நாள்

மெட்ரோவில் ஆளுக்கு ஒரு பெரிய பெட்டி, ஒரு சிறிய பெட்டி கொண்டுபோகலாம். ஞாயிறு விடியற்காலை விமானம் என்றால் மெட்ரோ நினைப்பையே விட்டுவிடுங்கள். டெர்மினல் எண்ணை மறுபடி பாருங்கள்.

சில்வர் கார்டு ஐந்து வருஷம் செல்லும், தூக்கிப் போடாதீர்கள். எங்கள் மூன்றும் இப்போது மச்சானிடம் இருக்கின்றன, அடுத்த மாதம் அவன் கிளம்புகிறான். அவனுக்கும் டெர்மினல் 2 தானாம்.