தேர்தல் பத்திரப் பட்டியலைப் படிப்பது எப்படி?

கொடுப்பவர் பெயர் வெளியே தெரியாமல் கட்சிகளுக்கு நன்கொடை வழங்க வங்கியில் பத்திரம் வாங்க வழிசெய்த தேர்தல் பத்திரத் திட்டத்தை உச்ச நீதிமன்றம் 2024 பிப்ரவரி 15 அன்று ரத்து செய்ததன் விளைவாக, எந்த நிறுவனம் எந்தக் கட்சிக்குப் பணம் கொடுத்தது என்பதை எவரும் வீட்டிலிருந்தே சரிபார்க்க முடிகிறது.

தேர்தல் ஆணையத் தளத்தில் மார்ச் 21 அன்று வெளியான வாங்கியவர் பட்டியலையும் கட்சிகள் பணமாக்கிய பட்டியலையும் இறக்கிக்கொள்ளுங்கள்; மார்ச் 14 பட்டியலில் பத்திர எண்கள் இல்லாததால் அது உதவாது. இரண்டையும் எக்செல்லுக்கு மாற்றி, பத்திர எண்ணுக்கு முன் வரும் ஆங்கில முன்னெழுத்தையும் எண்ணையும் சேர்த்தே பொருத்துங்கள். ஒரு கோடி ரூபாய்ப் பத்திரத்தின் முன்னெழுத்து ‘ஓசி’ (OC). தமிழில் அச்சொல்லுக்குள்ள பொருளை நினைத்தால் சிரிப்பு வரும்.

கடினமான வேலை இதற்குப் பின்னரே தொடங்குகிறது. வாங்கிய தேதிக்கு அருகில், அந்நிறுவனத்தில் அமலாக்கத் துறையோ வருமான வரித் துறையோ சோதனை நடத்திய தேதியையும், அதற்கு அரசு ஒப்பந்தம் கிடைத்த தேதியையும் எழுதுங்கள். தேதிகள் நெருங்கியிருப்பது ஐயத்துக்கு இடம் தருமேயன்றிக் கைம்மாறு நடந்ததற்குச் சான்றாகாது. அடுத்து நிகர லாபத்தைப் பாருங்கள்: மூன்றாண்டுச் சராசரி லாபத்தில் 7.5 விழுக்காடு என்றிருந்த நன்கொடை வரம்பு 2017-இல் நீக்கப்பட்டதால், நட்டத்தில் இயங்கும் நிறுவனமும் கோடிகளை வழங்க முடிந்தது.

மிக அதிகம் பெற்றது பாஜக என்பதற்காக மற்றக் கட்சிகளை விட்டுவிடாதீர்கள், ரூ.1,368 கோடிக்குப் பத்திரம் வாங்கிய லாட்டரி நிறுவனமான பியூச்சர் கேமிங், திரிணமூலுக்கும் திமுகவுக்கும் பெருந்தொகை கொடுத்திருக்கிறது. 2019 ஏப்ரல் 12-க்கு முன் விற்ற பத்திரங்கள் இக்கோப்புகளில் இல்லை என்பதையும் உங்கள் கணக்கின் தலைப்பிலேயே குறித்துவிடுங்கள்.