நகராட்சியா, பேரூராட்சியா, ஊராட்சியா? நீலகிரியில் ஓட்டுப் போடும் முன் பார்க்க வேண்டியவை

கட்சி, வேட்பாளர் எல்லாம் அப்புறம். முதலில் உங்கள் வீடு எந்த எல்லைக்குள் வருகிறது என்று பாருங்கள்.

சட்டமன்றத் தேர்தலில் குழப்பம் குறைவு. மாநிலத்தின் 234 தொகுதிகளில் உதகமண்டலம், கூடலூர், குன்னூர் ஆகிய மூன்றும் நம் மாவட்டத்தில் இருக்கின்றன. கூடலூர் தனித்தொகுதி, பட்டியல் சாதியினர் மட்டுமே அங்கே போட்டியிட முடியும், ஓட்டு எல்லோருக்கும் உண்டு. ஆளுக்கு ஒரு ஓட்டு. பட்டனை அழுத்தியதும் நகர்ந்துவிடாதீர்கள், பக்கத்தில் இருக்கும் பெட்டியின் கண்ணாடிக்குள் ஒரு சீட்டு ஏழு நொடி தெரியும், அதில் நீங்கள் அழுத்திய சின்னம்தான் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு வாருங்கள்.

உள்ளாட்சியில்தான் நம் ஆட்கள் தடுமாறுகிறார்கள். இதை நடத்துவது மாநிலத் தேர்தல் ஆணையம், இந்தியத் தேர்தல் ஆணையம் இல்லை. குன்னூர், நெல்லியாளம் போன்ற நகராட்சியிலோ, சோலூர், நடுவட்டம் போன்ற பேரூராட்சியிலோ இருந்தால் உங்கள் வார்டு கவுன்சிலருக்கு ஒரே ஒரு ஓட்டு. தலைவரை நீங்கள் தேர்ந்தெடுப்பதில்லை, 2022 தேர்தலில் நடந்ததுபோல ஜெயித்த கவுன்சிலர்கள் கூடித் தேர்ந்தெடுப்பார்கள். அதனால் தலைவராக வரப்போகிறவர் யார் என்று பேசிக்கொண்டே உங்கள் வார்டில் நிற்பவரைக் கவனிக்காமல் விடாதீர்கள்.

நஞ்சநாடு, எப்பநாடு மாதிரி ஊராட்சி என்றால் கதையே வேறு. நான்கு ஓட்டு, நான்கு வாக்குச்சீட்டு: வார்டு உறுப்பினருக்கு வெள்ளை (ஒரே சாவடியில் இரண்டு வார்டு இருந்தால் ஒன்றுக்கு நீலம்), ஊராட்சித் தலைவருக்கு இளஞ்சிவப்பு, ஒன்றியக் கவுன்சிலருக்குப் பச்சை, மாவட்டக் கவுன்சிலருக்கு மஞ்சள். 2019 டிசம்பரில் இப்படித்தான் போட்டோம். முதல் இரண்டிலும் கட்சிச் சின்னமே இருக்காது, பூட்டு சாவி, ஆட்டோ என்று பொதுச் சின்னங்கள்தான் இருக்கும், கட்சிச் சின்னத்தைத் தேடி நிற்கும் வயதானவர்களுக்கு இதை வீட்டிலேயே சொல்லி அனுப்புங்கள். ஒரு சீட்டில் ஒரு முத்திரைதான். இரண்டு சின்னத்தில் பட்டால் செல்லாது. ஈர மை இன்னொரு சின்னத்தில் ஒட்டாதபடி பார்த்து மடியுங்கள். தெருவிளக்கு, குடிநீர், சாக்கடை எல்லாம் இவர்கள் கையில்தான், ஆகவே இந்த நான்கையும் அவசரமாகப் போட வேண்டாம்.

சரி, எந்த எல்லை என்று எப்படித் தெரிந்துகொள்வது? வீட்டு வரி ரசீதை எடுத்துப் பாருங்கள், மேலே எந்த அலுவலகத்தின் பெயர் இருக்கிறதோ அதுதான். எஸ்டேட் லைன் வீட்டில் இருப்பவர்களிடம் ரசீது இருக்காது, அவர்கள் கிராம நிர்வாக அலுவலரிடம் கேட்டுக்கொள்ளலாம்.

எஸ்டேட் மாறிப் போனவர்களுக்கு இன்னொன்று. பழைய இடத்திலேயே பெயர் கிடக்கும்; முகவரி மாற்ற படிவம் 8, புதிதாகச் சேர படிவம் 6, இரண்டையும் உங்கள் சாவடியின் பி.எல்.ஓ.விடம் (வாக்குச்சாவடி நிலை அலுவலர்) கொடுக்கலாம். உள்ளாட்சிக்கும் சட்டமன்றப் பட்டியலைத்தான் வார்டு வாரியாகப் பிரிக்கிறார்கள் என்பதால் இங்கே விட்டால் அங்கேயும் விட்டதுதான். வேட்புமனு தாக்கல் முடிந்துவிட்டால் அந்தத் தேர்தலுக்குப் பெயர் சேர்க்க முடியாது. சட்டமன்ற வாக்குப்பதிவு அன்று தினக்கூலிக்காரர் உட்பட எல்லாத் தொழிலாளருக்கும் சம்பளத்துடன் விடுமுறை தர வேண்டும் என்பது சட்டம், மேஸ்திரி மறுத்தால் 1950 என்ற எண்ணுக்குப் போன் செய்து சொல்லுங்கள்.